'பூட்டியிருக்கு' என்று சொன்னால் லோரி நிற்குமா?

கனரக வாகனப் பட்டறைக்குள் புதிதாகக் கால் வைத்திருக்கும் தம்பிகளே, இப்போது ஒருவர் இருவராக வரத் தொடங்கியிருக்கும் தங்கச்சிகளே, முதலில் என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் என்னைப் பற்றி நல்லதாகப் பேசும் நாளில் அதைக் கேட்க நான் இருக்க மாட்டேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையில் தொழிலை ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றபோது அதே இடத்தில், பத்துச் சக்கர லோரிகள் வரிசையாக நுழைந்து நிற்கிற பட்டறை இருந்தது. கல்லுடைக்கும் மலையிலிருந்து லோரி இறங்கும்போது, காப்பிக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே எந்தப் பக்கத்துப் பிரேக் உரசுகிறது என்று சொல்வேன். நம்பாதவர்கள் பந்தயம் கட்டினார்கள். அந்தக் கடையில் பல காலம் நான் சொந்தச் செலவில் காப்பி குடித்ததே இல்லை.

பட்டறையை இப்போது நடத்துகிறவர், புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். பிரேக்கை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்பதை எல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் கைப்பேசியிலேயே படத்தோடு கிடைக்கிறது. அதில் கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். பெரிய லோரி ஒன்று. அதன் பிரேக்குக்கு வேண்டிய காற்று முழுக்க இறங்கிவிட்டது. லோரி உருளுமா, நிற்குமா?

உருளும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தப்பு. நிற்கும். எட்டு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. லோரியின் கைபிரேக்கைப் பிடித்துவைப்பது காற்றில்லை. பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் குண்டுச் சட்டி மாதிரித் தொங்குகிறதே சேம்பர், அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் பிடித்துவைக்கிறது. காற்று உள்ளே போய் ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளினால்தான் சக்கரம் சுழலும். ஓட்டுநர் கைபிரேக் பிடியை இழுத்தால் அந்தக் காற்று புஸ்ஸென்று வெளியே போகிறது, ஸ்பிரிங் பாய்ந்து சக்கரத்தைப் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் மனிதர்களை நம்பாதவன். அதனால்தான் எனக்கு அவனைப் பிடிக்கும்.

சரி, காற்றில்லாமல் சாலை நடுவில் நின்றுபோன லோரியை எப்படி நகர்த்துவது? அதற்கும் அவனே வழி வைத்திருக்கிறான். ஒவ்வொரு சேம்பருக்கும் ஒரு நீளமான போல்ட் உண்டு. அதைப் பின்பக்க ஓட்டையில் விட்டு நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கி அப்படியே நின்றுவிடும். லோரியை இழுத்துக்கொண்டு போகலாம். இந்த வேலைக்கு எங்கள் பட்டறையில் ஒரு பெயர் உண்டு. ஸ்பிரிங்கைப் பூட்டுவது. 'நாலையும் பூட்டிட்டியா?' 'பூட்டிட்டேன்.' இப்படித்தான் பேசுவோம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. பீடோர் பக்கம் ஒரு தோட்டம். என் அப்பா காலத்தில் ரப்பர் எடுக்கும் பால்மரமாக இருந்தது, இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பாதி காலி. மீதியில் நம் ஆட்கள் சில குடும்பமும், வங்காளதேசத்திலிருந்து வந்த வேலையாட்களும் இருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றியிருந்த ஒரு லோரி, மேட்டில் நிறுத்தப்பட்டிருந்த இடத்திலிருந்து தானாக உருண்டு இறங்கியது. பூப்பந்து ஆடும் சிமெண்டுத் தளத்தைக் குறுக்கே கடந்து, வலைக்கம்பத்தை முறித்து, மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய கால்வாயில் மூக்கைக் குத்தி நின்றது.

யாருக்கும் அடியில்லை. அது வெள்ளிக்கிழமை மத்தியானம். மற்ற நாளாக இருந்தால், வேலையாட்கள் சாப்பிட்டுவிட்டு அந்தச் சிமெண்டுத் தளத்தின் ஓரத்து நிழலில்தான் படுத்திருப்பார்கள். அன்று தொழுகைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் விரித்துப்போட்ட அட்டைகள் மட்டும் அங்கே கிடந்தன. அதன்மேல் சக்கரத் தடம் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

லோரிக் கம்பெனியின் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பா அரசாங்க உத்தியோகம். நாம் பேசும் தமிழ் ஒரு மாதிரி, அவர் பேசும் தமிழ் இன்னொரு மாதிரி. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போய்விட்டது.

"அண்ணை, அந்த லொறியை உங்களிட்ட இழுத்துக்கொண்டு வருகினம். கைபிரேக்கைப் பாத்துச் சொல்லுங்கோ. பிழை பிரேக்கிலயா, றைவரிலயா? அது தெரிஞ்சா நான் மேலிடத்துக்கு எழுதிப்போடுவன்."

"டிரைவர் என்ன சொல்றாரு?"

"பிடியை இழுத்தவராம். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவினம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிடி எந்த நிலையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. லோரி கால்வாயில் விழுந்தவுடனே தோட்டத்து மண்டோர் பதறிப்போய் ஏறி, இஞ்சினை நிறுத்தி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் இழுத்திருக்கிறார். கண்காணிப்பவர் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். கொஞ்சம் நிதானமாகச் செய்திருப்பேன், அவ்வளவுதான்.

லோரி வந்து சேர்ந்தபோது டிரைவர் மாரியப்பனும் கூடவே வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அந்தக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். என் பட்டறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். வந்தால் வாயை மூடமாட்டார். எங்கள் பையன்களின் கல்யாணத்துக்கு அவர்தான் தரகர் மாதிரிப் பேசிக்கொண்டிருப்பார். அன்று ஒரு காலி எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாரி, தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்ணே. என்னைத் தூக்கிட்டாங்கன்னா இந்த வயசுல எவன்ணே லோரி குடுப்பான்? லோரிய உருட்டி விட்டவன்னு பேரு வந்துட்டா ஈப்போவுல இருந்து தாப்பா வரைக்கும் ஒரு பயலும் சாவியக் கையில தர மாட்டான்."

அதுதான் உண்மை. இந்தத் தொழிலில் நல்ல பேர் மெதுவாகப் போகும். கெட்ட பேர் நெடுஞ்சாலையில் போகும்.

லோரிக்கு அடியில் படுத்தேன். பின்னால் நான்கு சேம்பரிலும் போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு ஸ்பிரிங்கும் பூட்டியிருந்தன. எனக்கு ஆச்சரியமில்லை. கால்வாயிலிருந்து தூக்கி இவ்வளவு தூரம் இழுத்துவர வேண்டுமென்றால், இழுக்க வந்தவர்கள் ஸ்பிரிங்கைப் பூட்டித்தானே ஆக வேண்டும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று நட்டைத் தளர்த்தி விட்டேன். மூன்று சக்கரமும் கடித்துக்கொண்டு நின்றன. ஸ்பிரிங்கில் பழுதில்லை, பிரேக் கட்டை தேயவில்லை. நாலாவதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. மூன்று போதும், அந்த மேட்டில் அந்த லோரியை நிறுத்த.

பிரேக் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் மாரி பிடியை இழுக்கவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, மேனேஜருக்குச் சொல்லப் போனை எடுத்தேன். எண்ணைக்கூட அழுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்போது எண்ணெய் டின்மேல் இருந்த மாரி தலையைத் தூக்கினார்.

"அண்ணே, ஒன்னு கேக்கலாமா? பிடிய இழுத்தப்போ புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. நல்லாவே கேட்டுச்சு. அப்ப அது என்ன சத்தம்ணே?"

நான் போனை வைத்துவிட்டேன்.

தம்பிகளே, பொய் சொல்லும் டிரைவர்களை நான் ஒரு லோரி நிறையப் பார்த்திருக்கிறேன். தூங்கிவிட்டு மாடு குறுக்கே வந்தது என்பான். வேகமாக வளைத்துவிட்டு டயர் வெடித்தது என்பான். சாமி மேல் சத்தியம் பண்ணுவான், பிள்ளை மேல் சத்தியம் பண்ணுவான். ஆனால் பொய் சொல்கிறவன் ஒருத்தனும், தான் சொன்னதற்கே அர்த்தம் என்னவென்று என்னிடம் கேட்டதில்லை. மாரி உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தன் வேலை போகப்போகிறது என்பதைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அந்தச் சத்தம் என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. சத்தம் வந்திருக்கிறது. அப்படியென்றால் பிடியை இழுத்திருக்கிறார். காற்று வெளியே போயிருக்கிறது. ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தும் லோரி உருண்டிருக்கிறது. இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. ஸ்பிரிங் அப்போதே பூட்டியிருந்திருக்க வேண்டும். பூட்டியிருந்தாலும் பிடியை இழுத்தால் காற்று போகும், புஸ்ஸென்ற சத்தமும் வரும். காதுக்கு எல்லாம் சரியாக இருக்கும். சக்கரம் மட்டும் சும்மா இருக்கும்.

மறுபடியும் அடியில் புகுந்தேன். இந்தத் தடவை நாலாவது நட்டைக் கழற்றவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

நட்டைச் சுற்றி செம்மண். சும்மா தெறித்த மண்ணில்லை. நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரே கட்டியாக அப்பிக் காய்ந்து, வெடிப்பு விட்டிருந்த தோட்டத்து மண். முதல் மூன்றிலும் ஸ்பேனரை மாட்டும் முன்னால் மண்ணைத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. என் கை அதைச் செய்தது, என் புத்தி அதைக் கவனிக்கவில்லை. இழுக்க வந்தவர்கள் அன்று மத்தியானம் பூட்டியிருந்தால் நட்டின் விளிம்பில் ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருந்திருக்கும். பூட்டிவிட்டு அதன்மேல் மண்ணைப் பூசிக் காய வைத்துவிட்டா போவார்கள்? அன்று மழையும் இல்லை. இந்த நட்டை முறுக்கிய பிறகு லோரி ஈர மண்ணில் ஓடியிருக்கிறது. மழை பெய்தது முந்தின நாள்.

அடியில் படுத்தபடியே கத்தினேன். "மாரி! நேத்து இந்த லோரிக்கு அடியில யாரு பூந்தது?"

"உங்க ரவிதாண்ணே."

தலையை நிமிர்த்தி சேம்பரில் இடித்துக்கொண்டேன்.

ரவி என் மனைவியின் தம்பி. பட்டறையில் எனக்குக் கூட்டாளி. வெளியூரில் நின்றுபோன லோரிகளைப் பார்ப்பது அவன் பொறுப்பு. டிரைவர்கள் நேராக அவனுக்கே போன் செய்வார்கள், அவன் போவான், முடிப்பான். எங்கே போனான், என்ன செய்தான் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நம்பிக்கை. அன்று தாப்பாவில் வேறு வேலையாக இருந்தான்.

மாரி நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் தோட்டத்துக்குள் காற்றுக்குழாய் வெடித்து, காற்றெல்லாம் போய், லோரி குறுகலான தோட்டச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் மற்ற லோரிகள். ரவி வந்து ஸ்பிரிங்கைப் பூட்டி, லோரியை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, புதுக் குழாய் மாட்டினான். காற்று ஏறியது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கி, லோரிக்கு அடியில் ஆறு மாதிரித் தண்ணீர் ஓடியது, ரவி மறுபடி உள்ளே புக வழியில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கால்பிரேக்க மிதிச்சுப் பாருங்கன்னாரு. காத்து ஏறியிருந்துச்சுல்ல, நல்லா பிடிச்சுச்சு. நாளைக்கு ஒரு நடை பட்டறைக்குக் கொண்டாங்கன்னாரு. ராத்திரி வீட்டுக்கிட்ட சமதரையில போட்டேன், அசையல. இன்னைக்கு ஒரு லோடு இறக்கிட்டு இங்கதான் வாரதா இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து ரவியின் வேன் உள்ளே நுழைந்தது. இறங்கும்போதே பேச்சு.

"என்ன மச்சான், மூஞ்சி எழவு வீடு மாதிரி இருக்கு? தலையில வேற கரி!" மாரியைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது. "நீங்களா அண்ணே? உங்க லோரியா உருண்டது? அடப் பாவி மனுசா, நான்தான் பூட்டியிருக்குன்னு சொன்னேன்லா!"

"சொன்னீங்க," என்றார் மாரி.

"மச்சான், கேட்டுக்குங்க. அவரு வாயாலயே சொல்றாரு. நான் சொன்னேன்."

"நான் இல்லைன்னா சொன்னேன்? பூட்டியிருக்குன்னுதான் சொன்னீங்க."

"அப்புறம் எதுக்கு மேட்டுல கொண்டுபோய் நிறுத்துனீங்க?"

"பூட்டியிருக்குன்னு சொன்னதாலதானே நிறுத்துனேன்!"

"பூட்டியிருக்குன்னா யாராவது மேட்டுல நிறுத்துவாங்களா? மண்டையில என்ன இருக்கு?"

"பூட்டியிருந்தா மேட்டுல நிறுத்தாம பள்ளத்துலயா நிறுத்துவாங்க? உனக்கு என்ன இருக்கு மண்டையில?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு முகத்திலும் வழக்கில் ஜெயித்துவிட்ட தெளிவு. எனக்குத் தலை சுற்றியது. ஒரே வாக்கியத்தை இருவரும் சொல்கிறார்கள், இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், என் காதுக்கு ரவி பேசியதுதான் சரியாகப் பட்டது. அத்தனை வருடம் பட்டறையில் கிடந்த காது.

ரவி என் தோளைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், மேனேஜருக்கு என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒன்னும் சொல்லல."

"அப்ப நல்லதாப் போச்சு. போல்ட்ட இழுக்க வந்தவனுங்க போட்டதுன்னு விட்டுருங்க. யாரு பாத்தா? அந்தக் கம்பெனி லோரி எல்லாம் போச்சுன்னா நம்ம பட்டறையில ஈ ஓட்டணும். நான் சொல்லாமப் போயிருந்தா என் தப்பு. நான்தான் சொன்னேனே!"

"அவன் வேலை போயிரும்டா."

"வேற வேலை கிடைக்கும் மச்சான். நமக்கு வேற கம்பெனி கிடைக்குமா?"

அவன் கெட்டவனில்லை. மழையில் நனைந்து, சேற்றில் படுத்து, லோரியை ஓட வைத்தவன். அவன் சொன்னது எனக்கும் உறைத்தது. அந்தக் கம்பெனிதான் எங்கள் சோற்றில் பாதி. மூன்று நட்டிலிருந்த மண் தரையில் தூளாகக் கிடந்தது, துடைப்பத்தால் கூட்டினால் போய்விடும். நாலாவதை ஒரு நிமிடத்தில் கழற்றலாம். பிறகு என் வாய்தான் சாட்சி. என் வாய்க்கு ஈப்போவில் எவ்வளவு மரியாதை என்று மேலேயே சொன்னேன். நான் என்ன சொன்னாலும் மேனேஜர் நம்பியிருப்பார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. என்ன சொன்னாலும் நம்புவார் என்றால், சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. மண் பேசட்டும்.

"நாலாவது நட்ட ஒருத்தனும் தொடக்கூடாது," என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ரவியிடம், "உன் ஸ்பேனர்ப் பெட்டியக் கூடத் தொறக்காத," என்றேன். பிறகு மேனேஜருக்குப் போன் செய்தேன். "வந்து நேருல பாருங்க சார். போன்ல சொல்ற விசயமில்ல."

வெள்ளைச் சட்டையோடு வந்தார். அடியில் படுங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார். நான் ஒரு சாக்கை விரித்துப் போட்டேன், படுத்தார். டார்ச்சை அடித்து மண்ணைக் காட்டினேன். நட்டைத் தளர்த்திய மூன்று போல்ட்டையும் காட்டினேன். ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. அவரே கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டார். முந்தின நாள் முறுக்கிய நட்டு என்பது தெரிந்ததும் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "ஆர் பூட்டினது?" என்றார்.

"நான்தான் சார்," என்றான் ரவி. அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியும். "ஆனா சொல்லிட்டுத்தான் போனேன். பூட்டியிருக்குன்னு."

"ஆமா சார், சொன்னாரு. அதனாலதான் நிறுத்துனேன்."

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். சொன்னேன், சொன்னீங்க, பூட்டியிருக்கு, பூட்டியிருந்தா. மேனேஜர் ஒரு தடவை கேட்டார். கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"பொறுங்கோ. பூட்டினது எண்டா, என்னத்தைப் பூட்டினது?"

"ஸ்பிரிங்க," என்றான் ரவி.

"சக்கரத்த," என்றார் மாரி.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

வெளியே கோப்பெங் சாலையில் ஒரு கல் லோரி போனது. அதில் எந்தப் பிரேக் உரசியது என்று அன்று எனக்குக் கேட்கவில்லை.

பட்டறைக்காரனுக்குப் பூட்டுவது என்றால் ஸ்பிரிங்கைப் பூட்டுவது. ஸ்பிரிங் பூட்டியிருந்தால் கைபிரேக் கிடையாது, லோரி உருளும். டிரைவருக்குப் பூட்டுவது என்றால் சக்கரத்தைப் பூட்டுவது. சக்கரம் பூட்டியிருந்தால் லோரி மலை உச்சியிலும் நிற்கும். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு அர்த்தம். இத்தனை காலமும் இரண்டு கூட்டமும் ஒரே பட்டறையில் நின்று அந்தச் சொல்லைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம், ஒரு நாளும் இடித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் ஸ்பிரிங்கைப் பூட்டிய லோரியை நாங்கள் டிரைவர் கையில் கொடுத்ததே இல்லை. மழை வந்ததால் கொடுத்தோம்.

'என்னத்தை?' என்ற கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி வாயில் வராது போலிருக்கிறது. பட்டறைப் பேச்சு தெரியாத மனிதருக்கு வந்தது. போகட்டும், மண்ணைப் பார்த்தது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

மேனேஜர் மாரியின் பக்கம் திரும்பினார். "நீர் பிடியை இழுத்தனீர்."

"இழுத்தேன் சார்."

"எனக்கு இப்ப தெரியும். மேலிடத்துக்கும் அப்பிடியே எழுதுவன். லொறி ரெடியானதும் நீரே வந்து எடும்." பிறகு என்னிடம், "அண்ணை, கோவிக்காதேங்கோ. கொஞ்சக் காலத்துக்கு எங்கட மற்ற லொறியள் உங்களிட்ட வராது. மேலிடம் கேக்கும். எனக்கு வேற வழியில்லை."

"தெரியும் சார்," என்றேன்.

மாரி எண்ணெய் டின்மேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். சந்தோசத்தில் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். "அந்த அட்டையெல்லாம் கிடந்துச்சுண்ணே," என்றார். "வெள்ளிக்கிழமையா இல்லாட்டி?" வேலை மிஞ்சியது என்று உறுதியான பிறகுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்திருக்கிறது. அந்த அட்டைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனி லோரிகள் நின்ற காலம் எங்களுக்குக் கஷ்டகாலம்தான். ரவி என்னோடு சரியாகப் பேசவில்லை, வீட்டில் அவன் அக்கா என்னோடு சுத்தமாகப் பேசவில்லை. ஆனால் பேராக் மாநிலத்தில் என்னை விட்டால் அவர்களுக்கும் ஆள் கிடையாது, பிறகு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பட்டறையில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். 'பூட்டு' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. பட்டறைக் கதவைக்கூட 'சாத்து' என்றுதான் சொல்ல வேண்டும். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். லோரிக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று டிரைவரிடம் சொல்லாதீர்கள். அது உங்கள் கெட்டிக்காரத்தனம், அவருக்குத் தேவையில்லை. லோரி என்ன செய்யும் என்று சொல்லுங்கள். நிற்கும். அல்லது நிற்காது. இதற்கு இரண்டு அர்த்தம் கண்டுபிடிக்க ஒருத்தனாலும் முடியாது.

முன்பக்கம் சரியாகி லோரி தயாரானதும் மாரி எடுக்க வந்தார். கைபிரேக் வேலையை வேறு யாரையும் தொடவிடாமல் ரவியே செய்திருந்தான். நான்கு போல்ட்டையும் கழற்றி, சேம்பரின் பக்கவாட்டில் அதனதன் இடத்தில் மாட்டி, துடைத்துவைத்திருந்தான். இருவரும் அந்த நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

சாவியை வாங்கிக்கொண்டு மாரி கேட்டார். "என்ன தம்பி, இப்ப பூட்டியிருக்கா, தொறந்திருக்கா?"

கேலிதான். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

ரவி வாயைத் திறந்தான், மூடினான். "நிக்கும்ணே," என்றான்.

"அன்னைக்கும் ஒரு வார்த்தைய நம்பித்தானே போனேன்."

பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. ரவிக்குக் கோபம் வரும் என்று நான் எழுந்தேன். வரவில்லை. "ஏறுங்க," என்றான். "பிடிய இழுத்துட்டு, ஒன்னாம் கியர்ல போட்டு, மெதுவா கிளட்ச விடுங்க. இழுத்துப் பாருங்க."

எல்லாரையும் முன்னாலிருந்து விலகச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் பக்கவாட்டில் தள்ளி நின்று, பின்சக்கரம் தெரியும்படி குந்தி உட்கார்ந்தான். மாரி ஏறினார். பிடியை இழுத்தார். புஸ்ஸென்று காற்று போனது. அந்தச் சத்தத்துக்கு அங்கே யாரும் தலையாட்டவில்லை. கியர் விழுந்தது. கிளட்ச் மெல்ல மேலே வந்தது. இஞ்சின் முக்கியது, லோரியின் மூக்கு எழும்பியது, உடம்பெல்லாம் நடுங்கியது. ரவியின் கண் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

மாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"இப்ப சொல்லு தம்பி."

"நிக்குதுண்ணே," என்றான் ரவி.